ஒரு தடவை மட்டும் கேட்பவர்கள்

உட்ரெக்ட் நகரத்தில் ஐந்து குளிர்காலங்களைக் கழித்த பிறகும், புதிதாகச் சந்திக்கிறவர்கள் பாண்டிச்செல்வியிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: நெதர்லாந்துக்கு வந்து எவ்வளவு காலமாகிறது? அவள் சொல்லும் பதிலில் ஆண்டுகள் கூடிக்கொண்டே போயின. கேள்வி மட்டும் மாறவில்லை. புதியவள் என்பது ஒரு காலகட்டம், எல்லோருக்கும் வந்து போவது என்று நினைத்துத்தான் அவள் விமானம் ஏறினாள். அது ஒரு குடியிருப்பு என்றும், சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்றும் மெதுவாகத்தான் விளங்கியது.

அந்த வருடம் மே மாதம் அவள் மதுரையில், ஆனையூர் வீட்டில் இருந்தாள். அப்பா கருப்புவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் விடுப்பு. மீதி நாட்களுக்கு இங்கிருந்தே வேலை பார்க்க அலுவலகம் அனுமதித்திருந்தது. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே மதியம் ஒன்றரை. வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கால்வாய் ஓரம் சைக்கிளில் அலுவலகம் வந்து சேர்ந்தவர்களின் சிவந்த முகங்களை அவள் திரையில் பார்ப்பாள்.

ஆனையூருக்கு வருமுன் அவர்கள் இருந்த சொந்த ஊர், திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மா தங்கப்பொண்ணும் பிறர் வயலில் வேலை செய்தவர்கள். பாண்டிச்செல்வி திருமங்கலம் வரை பஸ்ஸில் போய்ப் படித்தாள். பிறகு மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. சென்னையில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடும் வேலை. அங்கிருந்துகொண்டே இரவுகளில் தானாக மென்பொருள் எழுதக் கற்றுக்கொண்டு, பல நாட்டுக் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்து, பல தடவை தோற்றாள். தோற்றதன் காரணத்தை ஒரு தேர்வாளர்தான் சொன்னார்: "நாங்கள் செய்தோம், நாங்கள் செய்தோம் என்கிறீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?" அவளுக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது. நாலு பேர் சேர்ந்து செய்ததில் நான் என்று சொல்லிக்கொள்வது என்ன பழக்கம்? ஆனாலும் அடுத்த நேர்காணலில் "நான்" என்று சொல்லிப் பார்த்தாள். வேலை கிடைத்தது.

குளிர்சாதன லாரிகளுக்கு வழியும் நேரமும் வகுத்துக் கொடுக்கும் மென்பொருள் அந்தக் கம்பெனியுடையது. அது இரவில் நின்றுபோனால் இறைச்சியும் மருந்தும் ஏற்றிய லாரிகள் வழியில் நின்றுவிடும். அதனால் இரவில் யாராவது ஒருவர் போனைத் தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டும். அது முறை வைத்து வரும் வேலை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் மாற்றிக் கேட்பார். விடுமுறைப் பயணம் என்று இன்னொருவர். பாண்டிச்செல்விக்குக் குழந்தையும் இல்லை, பயணமும் இல்லை. சரி என்பாள். போன் அடித்ததும் கம்பளிப் போர்வையோடு எழுந்து உட்கார்ந்து, கண் எரிய எரிய எங்கே அறுந்தது என்று தேடுவாள். முப்பத்து நான்கு வயதில் அவளுடைய தூக்கம் கிழவிகளுடையதைப்போல் ஆகியிருந்தது. ஒரு சின்னச் சத்தத்துக்கு உடைந்துவிடும். ஆனையூரில் கூட, பக்கத்து வீட்டுப் போன் அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

இந்தக் களைப்பிலிருந்து வெளியேற ஒரே ஒரு வாசல் இருந்தது. அவளுடைய குழுவின் டீம் லீட் ஜூனில் வேறு ஊருக்குப் போகிறார். எட்டு மாதம் முன்பு அவருக்குக் குழந்தை பிறந்து பாதி நாள் வேலைக்கு மாறியதிலிருந்து அவர் வேலையையும் இவள்தான் பார்த்து வந்தாள். யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பது, மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது, கோபமாய்க் கூப்பிடும் லாரிக் கம்பெனிக்காரர்களிடம் பேசுவது எல்லாம். டீம் லீட் ஆனவர்களுக்கு இரவு முறை கிடையாது. அந்த இடம் கிடைத்தால் தூங்கலாம். அதோடு, வந்து எவ்வளவு காலமாகிறது என்று கேட்பவரிடம் சொல்வதற்கு வேறு ஒரு பதிலும் இருக்கும். வேண்டும் என்று அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வேலையைச் செய்து காட்டுவதுதான் சொல்வது என்று நினைத்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. கருப்பு கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்று காய்கறி வண்டிக்காரரிடம் வம்பளந்துகொண்டிருந்தார்.

"இந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பைபாஸ்ல நின்னா பஸ்ஸு நிக்குதோ இல்லையோ, போலீசு ஜீப்பு நிக்கும்ணே."

உள்ளே பாண்டிச்செல்வி மேலாளர் மரைக்கேயோடு பேசிக்கொண்டிருந்தாள். மரைக்கே நேர்மையான பெண்மணி. பேசும்போதே ஆப்பிள் கடிப்பார்; நினைத்ததைச் சொல்வார்; சொன்னதையே நினைப்பார்.

"பாண்டி, டீம் லீட் இடம் காலியாகிறது. உனக்கு வேண்டுமா?"

எட்டு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. அவள் சிரித்தாள்.

"எனக்கு எதற்கு அதெல்லாம்? யோரிஸ் இருக்கிறார், எனக்கு முன்னால் சேர்ந்தவர். அவருக்குக் கொடுங்கள். நான் இப்படியே நன்றாகத்தான் இருக்கிறேன்."

சொல்லிவிட்டு, அடுத்ததற்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். 'அதெல்லாம் முடியாது, நீதான் செய்ய வேண்டும்' என்று வரும். அப்போது கொஞ்சம் தயங்கி, நீங்கள் இவ்வளவு சொல்வதால், என்று ஒத்துக்கொள்வாள்.

மரைக்கே தலையசைத்தார். "புரிந்தது. இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. பலர் இந்த விஷயத்தில் சுற்றி வளைப்பார்கள்." பிறகு ஜெர்மன் எல்லையில் தாமதமாகும் லாரிகளைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்தது. திரையில் அவளுடைய முகம் மட்டும், அந்தத் தயாரான சிரிப்போடு, ஒரு கணம் நின்று மறைந்தது.

அவள் அந்த நாட்டு வழக்கம் தெரியாதவள் அல்ல. யாருடைய வேலையிலாவது தவறு இருந்தால், இது சரியில்லை என்று அவர்களைப்போலவே முகத்துக்கு நேரே சொல்வாள். ஆனால் ஐந்து ஆண்டுகளில் மேலே இருந்து ஒருவர் கை நீட்டி, இந்தா, வேண்டுமா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தத் தருணத்துக்கு அவளிடம் கற்றுக்கொண்ட பழக்கம் எதுவும் இல்லை. பழைய பழக்கம் ஒன்று இருந்தது. அது முந்திக்கொண்டது.

சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு நிலத்துக்காரர் வீட்டுக்குப் போவாள். ஒரு பொங்கலுக்கு அந்த வீட்டு அம்மாள் முறுக்கை நீட்டியதும் இவள் சட்டென்று கையை நீட்டிவிட்டாள். தங்கப்பொண்ணு அந்தக் கையைத் தட்டிவிட்டாள், வலிக்கும்படியாக. பிறகு தானே சிரித்து, "வேணாந்தாயி, இப்பத்தான் கஞ்சி குடிச்சா" என்றாள். குடித்திருக்கவில்லை. இரண்டாம் தடவையும் நீட்டினார்கள், வேண்டாம் என்றாள். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். திரும்பி நடக்கும்போது, "கேட்ட ஒடனே கை நீட்டாத. அலையுறான்னு சொல்லுவாக" என்றாள். இதைப் பணிவு என்று சொல்பவர்கள் உண்டு. அது அவ்வளவு எளிதல்ல. கொடுப்பவர் கையில் எல்லாம் இருந்தது. வேண்டாம் என்பது ஒன்றுதான் இவர்கள் கையில் இருந்தது. அதையும் முதல் கேள்வியிலேயே கொடுத்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்?

சாயங்காலம் சுஃபியா வந்தாள். கல்லூரியிலிருந்து கூடவே இருக்கும் தோழி. காஜிமார் தெருவில் வீடு. தெற்கு மாசி வீதியில் இருக்கும் அத்தாவின் துணிக்கடையை இப்போது மகள் அவள்தான் நடத்துகிறாள். கருப்புவைப் பார்க்க ஒரு பை நிறைய மாதுளை கொண்டு வந்திருந்தாள்.

"என்ன மாமா, கண்ணு தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஒன் கொரலுக்குக் கண்ணு எதுக்கு தாயி? ஆனா நீ இம்புட்டுப் பெருத்துட்டங்குறது கண்ணு வந்தப்பெறகுதான் தெரியுது."

"உங்களுக்கு ஆபரேஷன் பண்ணுன டாக்டர மொதல்ல பாக்கணும் மாமா நான்."

தங்கப்பொண்ணு டீ போடுவதாகச் சொன்னாள். வேணாம் அத்தை, இப்பத்தான் கடையில குடிச்சேன் என்றாள் சுஃபியா. ஒரு வாய் குடி என்றாள் இவள். ஐயோ வேணவே வேணாம் என்றாள் அவள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியிருந்தது. டீயும் வந்தது, கூடவே பருப்பு வடையும் வந்தது, இரண்டும் தீர்ந்தன. இதில் யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை. பாண்டிச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மதியம் நடந்ததைச் சொன்னாள்.

சுஃபியா டம்ளரைக் கீழே வைத்தாள். "வேணாம்னா சொன்ன? நீயா?"

"ம்."

"லூசாடி நீ? போன் பண்றப்பல்லாம் அந்த வேலையப் பத்தியே பேசி என் உசுர வாங்குனது யாரு, உங்க பக்கத்து வீட்டுக்காரியா?"

"வாயில தானா வந்துருச்சு சுஃபி."

"எங்க கடையிலயும் இதே கததான். டீ சொல்லட்டுமாக்கான்னு கேட்டா எவளும் ஒடனே சரின்னு சொன்னதில்ல. மொத 'வேணாம்' எங்க காதுலயே விழாது. ரெண்டாவதுக்கு டீக்கு ஆள் போயிருக்கும். மூணாவதும் வேணாம்னா சேல பிடிக்கலன்னு அர்த்தம், அடுத்த கட்டப் பிரிச்சுருவோம். அந்தம்மா கடை வச்சா ஒரு நாள் ஓடாது."

"அவங்க ஊர்ல அவங்க கேக்குற மாதிரி கேட்டாங்க. அவங்க மேல என்ன தப்பு?"

"அப்ப நீ அந்த ஊர்ல அஞ்சு வருசமா என்னத்தடி கத்துக்கிட்ட?"

"ரொட்டி திங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது. சுஃபியா அவள் முழங்கையைப் பிடித்து, "நாளைக்கே கூப்பிட்டு வேணும்னு சொல்லு. அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தங்கப்பொண்ணு அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவளுக்கு இதில் வருந்த என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

"நல்ல பதில்தான சொல்லிருக்க? வான்னதும் போயி ஒக்காந்தா என்ன நெனைப்பாக? பொறு, நாளைக்குத் திரும்பக் கேப்பாக."

"கேக்க மாட்டாங்கம்மா."

"ஏன், கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. அவங்க ஒரு தடவதான் கேப்பாங்க."

"ஒரு தடவ கேக்குறதெல்லாம் ஒரு கேள்வியா? மனசாரக் குடுக்குறவ அப்பிடியா கேப்பா?"

அம்மா சொன்னதில் தவறு இல்லை. கேட்பவரின் மனதை அளக்க இவர்களுக்குத் தெரிந்த வழி, எத்தனை தடவை கேட்கிறார் என்பதுதான். அங்கே உள்ளவர்களுக்கு அந்த அளவுகோல் தேவைப்பட்டதில்லை. இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். இழப்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் வந்தது. எந்த ஊருக்கு யார் போயிருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

மறுநாள் மதியம் அவள் மரைக்கேயை அழைத்தாள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். எனக்கு வேண்டும். குளிக்கும்போது அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். தமிழில் சொல்லிப் பார்த்தாள். தனக்கு மேலே உள்ள ஒருவரிடம் எந்த மொழியிலும் இதுவரை சொல்லாத வாக்கியம் அது என்பது அப்போதுதான் உறைத்தது.

மரைக்கேயின் முகம் திரையில் தெளிந்தது. ஆப்பிள் இல்லை.

"நேற்று நீங்கள் கேட்டதற்கு வேண்டாம் என்றேன். அது தவறு. எனக்கு அந்த இடம் வேண்டும்."

"ஆனால் நேற்றே யோரிஸிடம் பேசிவிட்டேனே. அவர் சரி என்றார். இன்று காலை குழுவுக்கும் சொல்லியாயிற்று, நீ இன்னும் பார்க்கவில்லையா?" குரலில் குழப்பம்தான் இருந்தது, எரிச்சல் இல்லை. "நான் உன்னைத்தான் முதலில் கேட்டேன், பாண்டி. ஏன் வேண்டாம் என்றாய்?"

முறுக்கிலிருந்து தொடங்க வேண்டும். நிலத்துக்காரர் வீட்டிலிருந்து, அடிபட்ட கையிலிருந்து. அதை ஒரு சுவையான கதையாக மாற்றி, எங்கள் பண்பாட்டில் இப்படி என்று விளக்கும் தெம்பு அவளிடம் இல்லை. இந்த ஐந்து ஆண்டுகளில் மதிய உணவு மேசையில் அப்படிப் பல விளக்கங்கள் கொடுத்தாயிற்று.

"எங்கள் பக்கம் கேட்டதும் ஒத்துக்கொள்வது வழக்கம் இல்லை. இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று நினைத்தேன்."

"இன்னொரு தடவை கேட்டால், நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? வேண்டாம் என்ற ஒருவரை வற்புறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் பதிலை நான் மதித்தேன்."

"தெரியும்."

"எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆனால் இனி யோரிஸிடம் போய் மாற்ற முடியாது."

"மாற்றச் சொல்லவில்லை."

பிறகு மரைக்கே தயக்கம் இல்லாமல் அடுத்ததைக் கேட்டார். "யோரிஸுக்கு முதல் சில மாதங்கள் நீ கூட இருந்து சொல்லிக்கொடுக்க முடியுமா? அந்த வேலை உனக்குத்தான் முழுதாகத் தெரியும்."

"சரி" என்றாள் பாண்டிச்செல்வி, அவர் முடிப்பதற்குள்.

சொன்ன பிறகுதான் கவனித்தாள். நேற்று ஒன்றைக் கொடுத்தபோது வேண்டாம் என்றது வாய்; இன்று வேலை சொன்னபோது சரி என்கிறது. இதற்கும் யோசிக்கவே இல்லை. அவள் வளர்ந்த வீட்டில் கொடுப்பதை மறுப்பார்கள். வேலையை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். திருமங்கலத்து வயல்களில் அது சரியான கணக்கு. அந்தக் கணக்கைத்தான் அவள் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுபோய், அதை வைத்தே ஐந்து ஆண்டுகள் பிழைத்திருக்கிறாள். இரவு முறையை மாற்றிக் கேட்ட ஒவ்வொருவரிடமும் சரி என்றது இதே வாய்தான்.

"மரைக்கே, ஒரு நிமிடம். யோரிஸுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இரவு முறையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். என்னால் இனி முடியாது. தூக்கம் கெட்டுப்போயிற்று."

ஏன், எதற்கு, எவ்வளவு நாளைக்கு, மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று வரும் என நினைத்து நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி" என்றார் மரைக்கே. எதையோ தட்டினார். "ஜூன் முதல் இரவு முறையில் நீ இல்லை. மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, பாண்டி. உனக்குப் பிடித்திருக்கிறது என்றல்லவா எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்ததும் யோரிஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நீதான் என் பெயரைச் சொன்னாய் என்று மரைக்கே சொன்னார், நான் மறக்கமாட்டேன், நன்றி என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர். உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு வாழ்த்துகள் என்று தட்டினாள். பாதி மனதோடு தட்டினாலும் அந்தச் சொல்லுக்கு அதே எழுத்துகள்தான்.

தூங்கலாம் இனி. அதற்காக மகிழ்ச்சி வரும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தாள். வந்தது வேறொன்று. ஒரு வாக்கியத்தில் போகக்கூடிய சுமையை இத்தனை இரவுகள் சுமந்திருக்கிறோம் என்ற அலுப்பு. சுமந்ததைவிட அந்த அலுப்புதான் கனமாக இருந்தது.

தங்கப்பொண்ணு தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாக? திரும்பக் கேட்டாகளா?"

"இல்லம்மா. அது வேற ஆளுக்குப் போயிருச்சு." பாண்டிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். "ராத்திரி முழிக்கிற வேலைய விட்டுட்டேன். வேணாம்னு கேட்டேன், சரின்னுட்டாங்க."

"நீயா வாயத் தொறந்து கேட்டியா?"

"ஆமா."

"வையலயா?"

"இல்லம்மா."

"நாளைக்கு வராதன்னு சொல்லலயா?"

"சொல்லல."

தங்கப்பொண்ணுவின் விரல்கள் மொச்சையில் நின்றன. அவள் மகளைப் பார்க்கவில்லை. "எங்களுக்கு அப்பிடி ஆளுக இருந்ததில்லத்தா" என்றாள். அதில் வருத்தமோ குறையோ இல்லை. ஒரு வருடம் மழை பெய்யவில்லை என்பதைச் சொல்வதுபோல் சொன்னாள். "இருந்திருந்தா ஒனக்கும் கேக்கத்தான் சொல்லிக் குடுத்துருப்பேன்."

பாண்டிச்செல்வி ஒரு பிடி மொச்சையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். உள்ளே மடிக்கணினி இரண்டு தடவை மணியடித்தது. யோரிஸாக இருக்கும். முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள்.